மாட்டு வயிற்றின் அம்மோனியாக் கணக்கு

அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும் எந்த மாட்டின் வயிற்றிலும் இந்த நிமிடம் அம்மோனியா இருக்கிறது. காலையில் கட்டுத்தறிப் பக்கம் போனால் மூக்கில் ஏறுமே, அதே காரநெடிக்காரன்தான். வயிற்றில் அது இல்லாமல் போனால், வைக்கோலை வயிறு முட்டத் தின்ற மாடும் பட்டினியால் இளைக்கும். அதே பொருள் இரத்தத்தில் அளவு மீறினால் சில மணி நேரத்துக்குள் மாடு செத்துவிடும். கால்நடை மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு, உடலியல் பாடத்தில் படித்தவற்றில் இன்றுவரை வியப்புக் குறையாத விஷயம் இதுதான். கொட்டகையில் நின்று இதை விளக்க நேரம் கிடைப்பதில்லை. ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையான ருமென்தான் பெரியது. நல்ல உயரமான கறவைப் பசுவில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். வயிற்றின் இடது பக்கம் முழுக்க அதுதான். இந்த முதல் இரைப்பையில் மாடு தன் பங்குக்கு அமிலமும் சுரப்பதில்லை, செரிமான நொதியும் சுரப்பதில்லை. அங்கே நடக்கும் செரிமானம் எல்லாம் அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை ஆகியவற்றின் வேலை. நாம் போடும் பிண்ணாக்கில் உள்ள புரதத்தை இவை முதலில் அமினோ அமிலங்களாக உடைக்கும். அப்புறம் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜன் பகுதியைக் கழற்றிவிடும். கழன்று வருவது அம்மோனியா. மிச்சத்தை எரித்து அவை பிழைக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் மாட்டுக்கு நஷ்டம்தான். விலை கொடுத்து வாங்கிய புரதம் வாயுவாகப் போய்விடுமே. ஆனால் அதே தொட்டியில் வைக்கோலின் நாரை உடைக்கும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. அவற்றுக்குத் தங்கள் உடம்பைக் கட்டப் பெரும்பாலும் அம்மோனியாதான் வேண்டும். அம்மோனியாவை எடுத்து, நாரிலும் மாவிலும் இருந்து கிடைக்கும் சக்தியைக் கொண்டு, புதிதாகப் புரதம் செய்துகொண்டு அவை பெருகும். பெருகியவை தீவனத்தோடு சேர்ந்து அடுத்த அறைகளுக்கு நகரும். நான்காம் அறையில் அமிலம் அவற்றைக் கொல்லும், சிறுகுடல் அவற்றைச் செரிக்கும். வைக்கோலும் புல்லும் தின்னும் மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு இப்படி வருவதுதான். மாடு புல்லைத் தின்கிறது என்கிறோம். அது வாழ்வது புல்லைத் தின்ற நுண்ணுயிர்களைத் தின்று.

இதை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்று பார்த்தவர் பின்லாந்தின் அர்த்துரி விர்தானென். தீவனப் பதப்படுத்தல் முறைக்காக 1945-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். தூய செல்லுலோஸ், மாவுச்சத்து, சர்க்கரை, இவற்றோடு நைட்ரஜனுக்கு யூரியாவும் அம்மோனியா உப்புகளும் மட்டும் கொடுத்து அவர் பசுக்களை வளர்த்தார். புரதம் என்று சொல்லத் தீவனத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பசுக்கள் பால் கொடுத்தன. அந்த முடிவுகளை 1966-இல் வெளியிட்டார். வாயில் போகும்போது உப்பும் உரமுமாக இருந்தது மடியில் பால் புரதமாக இறங்கியிருக்கிறது. இடையில் நடந்த ஒவ்வொரு படியும் அம்மோனியா வழியாகத்தான்.

எவ்வளவு அம்மோனியா இருந்தால் போதும்? 1974-இல் அமெரிக்காவில் சாட்டர், ஸ்லைட்டர் என்ற இருவர் முதல் இரைப்பை நுண்ணுயிர்களைக் கலங்களில் வளர்த்துப் பார்த்தார்கள். 100 மில்லி லிட்டருக்கு 5 மில்லி கிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தாலே அவை முழு அளவில் புரதம் செய்துவிடுகின்றன, அதற்கு மேல் சேர்த்துப் பயனில்லை என்று கண்டார்கள். தீவனம், மாடு, நாளின் நேரம் இவற்றைப் பொறுத்து இந்த எண் மாறும். ஆனால் அடிப்படை மாறாது: நுண்ணுயிர்கள் எடுக்கும் வேகத்துக்கு மேல் அம்மோனியா வந்தால் அது தேங்கும். தேங்கியது இரைப்பைச் சுவர் வழியாக இரத்தத்துக்குப் போகும்.

வேகம்தான் இங்கே எல்லாமே. கடலைப் பிண்ணாக்கின் புரதம் முதல் இரைப்பையில் சீக்கிரம் உடையும். அதை மட்டும் ஊறவைத்துக் காலையில் ஒரே வேளையாகக் கொடுத்தால் அம்மோனியா குபீரென்று ஏறும், எடுத்துக்கொள்ளும் நுண்ணுயிர்களுக்குச் சக்தி போதாது. கூடவே தவிடோ மக்காச்சோள மாவோ இருந்தால், இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால், அதே பிண்ணாக்கு இன்னும் அதிகப் பாலாகும். கருவேல நெற்றைத் தேடித் தின்னும் ஆடுகளுக்கு வேறு மாதிரி ஒரு வசதி. நெற்றில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், முதல் இரைப்பையில் அது மெதுவாகவே உடையும். நுண்ணுயிர்களிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரஸ்ஸலின் குழு, எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் அம்மோனியாவை மிக வேகமாகக் கக்கும் சில பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தது. மொனென்சின் என்ற மருந்து அவற்றை அடக்குகிறது. பல நாடுகளில் அதைத் தீவனத்தில் சேர்ப்பதில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதி இதனால் வருவது.

இனி இரைப்பைச் சுவர். இங்கே ஒரு சின்ன வேதியியலைச் சொல்லியே ஆக வேண்டும். நீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று மின்னூட்டம் இல்லாத அம்மோனியா. செல்களின் சவ்வை எளிதில் கடந்துவிடும். மற்றது ஒரு ஹைட்ரஜன் அயனியை ஒட்டவைத்துக்கொண்ட அம்மோனியம். அதற்குச் சவ்வு அவ்வளவு சுலபமாக வழிவிடாது. எந்த வடிவில் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அந்த நீரின் பி.எச். அளவு, அதாவது அது எவ்வளவு புளிப்பு (அமிலம்) அல்லது காரம் என்பதைக் காட்டும் எண். 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். 9-ஐ ஒட்டி இரண்டும் பாதிப் பாதி. நன்றாக இருக்கும் மாட்டின் முதல் இரைப்பையில் பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். 6.5-இல் நூற்றில் ஒரு பங்குகூடக் கடக்கும் வடிவில் இருக்காது. 8-ஐத் தொட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கடக்கத் தயார். அம்மோனியா தானே ஒரு காரம் என்பதால், அது கூடக்கூட பி.எச். ஏறும், ஏற ஏற இன்னும் வேகமாகக் கடக்கும். ஆபத்து படிப்படியாக வராமல் திடீரென்று வருவதற்குக் காரணம் இதுதான்.

யூரியா முதல் இரைப்பைக்குள் போனதும் உடைந்து அம்மோனியாவாகும். அதைத் தின்ற மாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு வீட்டில் பயிருக்குத் தெளிப்பதற்காக யூரியாவைக் கரைத்து வாளியில் வைத்திருந்தார்கள். கட்டவிழ்ந்த பசு தண்ணீர் என்று நினைத்து வாயை வைத்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது காதுகளும் கண்ணைச் சுற்றிய தசைகளும் துடித்துக்கொண்டிருந்தன. பல்லை நறநறவென்று கடித்தது. வாயில் நுரை. இடது பள்ளை மேலேறி, தட்டினால் மேளம் போல் சத்தம். நடை தடுமாறியது. "தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு, தண்ணி குடிச்சு அரை மணி நேரம்கூட ஆகல" என்றார் வீட்டுப் பாட்டி. உப்புசம் என்று நினைத்து அவர் மருமகள் ஆப்ப சோடாவைக் கரைத்துக் கையில் வைத்திருந்தார். "அக்கா, அதை மட்டும் ஊத்தாதீங்க" என்று வாங்கி வைத்தேன்.

பொங்கல் சமயத்தில் சோறும் பொங்கலும் அதிகம் தின்று படுத்துவிடும் மாட்டுக்குச் சோடா உதவும், அங்கே பிரச்சினை அமிலம். இங்கே தலைகீழ். சோடா பி.எச்.-ஐ இன்னும் ஏற்றி, மிச்சமிருக்கும் அம்மோனியாவையும் இரத்தத்துக்குள் தள்ளிவிடும். இங்கே வேண்டியது புளிப்பு. தெருவில் இருந்த மளிகைக் கடையிலும் பக்கத்து வீடுகளிலும் இருந்த வினிகர் பாட்டில்களை எல்லாம் வாங்கி வரச் சொன்னேன், குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளிர்ந்த தண்ணீரையும். இரைப்பைக் குழாயை உள்ளே விட்டதும் முதலில் வெளியே வந்த காற்றில் கண் எரிந்தது. குழாயில் வந்த நீரை பி.எச். தாளில் தொட்டேன். தாள் 8-க்கு மேல் காட்டியது. வினிகரைக் குளிர்ந்த தண்ணீரோடு சேர்த்து உள்ளே விட்டோம். வினிகரின் அமிலம் அம்மோனியாவை அம்மோனியமாக மாற்றி இரைப்பைக்குள்ளேயே பிடித்து வைக்கும். குளிர்ந்த நீர் இரைப்பையின் சூட்டைக் குறைத்து, யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதியின் வேகத்தைக் குறைக்கும், உள்ளே இருப்பதை நீர்க்கவும் வைக்கும். உடையாத யூரியா இன்னும் உள்ளே இருந்ததால், துடிப்பு திரும்பத் தலைகாட்டியபோது மறுபடியும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பசு பிழைத்தது. வாளியில் பாதியோடு நின்றதும், உடனே ஆள் அனுப்பியதும்தான் அதைக் காப்பாற்றின. எத்தனையோ மாடுகள் நாங்கள் போவதற்குள் காலை நீட்டிவிடுகின்றன. அவற்றை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. காரணம், இது முழுக்கத் தடுக்கக்கூடிய சாவு.

பழக்கமில்லாத மாட்டுக்கு உடல் எடை கிலோவுக்கு 0.3 முதல் 0.5 கிராம் யூரியாவே நஞ்சாகலாம். 1 முதல் 1.5 கிராம் போனால் பெரும்பாலும் உயிர் தங்காது. 300 கிலோ பசுவுக்கு முதல் கணக்கில் 90 முதல் 150 கிராம். இரண்டு கைப்பிடி.

அம்மோனியா இரத்தத்தில் நஞ்சு என்பது தெரிய வந்த கதை மாட்டில் தொடங்கவில்லை, நாயில் தொடங்கியது. குடல், இரைப்பை இவற்றிலிருந்து வரும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. வாயிற்சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் போகிறது. 1877-இல் ரஷ்யாவின் நிக்கோலாய் எக் நாயின் வாயிற்சிரையை, இதயத்துக்குப் போகும் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்து, கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி ஒன்றை உண்டாக்கினார். 1893-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாவ்லோவும் நென்ஸ்கியும் அவர்கள் கூட்டாளிகளும் அதே அறுவையைச் செய்த நாய்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இறைச்சி தின்றபின் அந்த நாய்கள் மாறிப்போயின. சிடுசிடுப்பு, தள்ளாட்டம், பார்வை மங்கல், வலிப்பு. இறைச்சியில் இருந்த புரதம் அம்மோனியாவாகி, கல்லீரலைத் தொடாமல் மூளைக்குப் போயிருக்கிறது. இன்றைக்குப் பிறவியிலேயே இப்படி ஒரு குறுக்குச் சிரையோடு வரும் நாய்க்குட்டிகளை நாங்கள் பார்க்கிறோம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் தலையைச் சுவரில் அழுத்தி நிற்கும் குட்டியைப் பார்த்தால், முதலில் மனதில் வர வேண்டிய சந்தேகங்களில் இது ஒன்று.

கல்லீரல் என்ன செய்கிறது என்பதை 1932-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஹான்ஸ் க்ரெப்ஸும் அவரிடம் ஆய்வு செய்த மாணவர் குர்ட் ஹென்ஸ்லைட்டும் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் துண்டுகளை வைத்து, ஆர்னித்தைன் என்ற அமினோ அமிலம் சுற்றிச் சுற்றி வர, அம்மோனியா யூரியாவாக மாறும் சுழற்சியை அவர்கள் காட்டினார்கள். யூரியா நீரில் கரையும், மூளைக்குக் கெடுதி இல்லை, சிறுநீரில் போய்விடும். இந்த மாற்றத்துக்குக் கல்லீரல் சக்தியைச் செலவழிக்கிறது. பிண்ணாக்கை அள்ளிப் போடும்போது, அந்தச் செலவும் மாட்டின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

கல்லீரலில் இதற்கு இரண்டு அடுக்குக் காவல் உண்டு. வாயிற்சிரை இரத்தம் நுழையும் பக்கத்தில் உள்ள செல்கள் யூரியா செய்கின்றன. நிறையச் செய்யும், ஆனால் குறைந்த அளவில் மிஞ்சும் அம்மோனியாவைத் துடைத்தெடுக்க அவற்றால் முடியாது. இரத்தம் வெளியேறும் மையச் சிரையைச் சுற்றி ஓரிரு வரிசைச் செல்கள் இருக்கின்றன. தப்பி வந்த அம்மோனியாவை அவை குளூட்டமின் என்ற அமினோ அமிலமாக மாற்றிப் பிடித்துவிடும். இந்தப் பங்கீட்டை 1980-களில் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் டீட்டர் ஹாய்சிங்கர். மழைக்காலத்து ஏரியில் கலங்கல் வழி வழிவது போல, வரத்து இந்த இரண்டின் கொள்ளளவையும் தாண்டும்போதுதான் அம்மோனியா உடம்பு முழுக்கப் பரவும். மூளையில் உள்ள துணைச் செல்கள் அதைக் குளூட்டமினாக்கிச் சமாளிக்கப் பார்த்து, தாங்களே வீங்கிவிடும். அந்தப் பசுவின் காதுத் துடிப்பும் தடுமாற்றமும் அந்த நிலையில்தான் தொடங்கின.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். கல்லீரல் செய்த யூரியா முழுவதும் சிறுநீரில் போவதில்லை. ஒரு பங்கு எச்சில் வழியாகவும், முதல் இரைப்பையின் சுவர் வழியாகவும் திரும்பவும் வயிற்றுக்கே வருகிறது. அங்கே சுவரை ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்க, மற்ற நுண்ணுயிர்கள் அதை மறுபடியும் புரதமாக்கிக்கொள்ளும். தீவனத்தில் புரதம் குறைந்தால் இந்தத் திரும்பும் பங்கு கூடும். சித்திரை, வைகாசியில் வெறும் காய்ந்த தட்டையைத் தின்று நம் நாட்டு மாடுகள் தாக்குப்பிடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒட்டகத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. சகாரா பாலைவனத்தில் வேலை செய்த க்னூட், போடில் ஷ்மிட்-நீல்சன் தம்பதி, மோசமான தீவனத்தில் இருந்த ஒட்டகத்தின் சிறுநீரில் யூரியா மிகக் குறைவாகவே வருவதைப் பார்த்தார்கள். ஊசி மூலம் யூரியா செலுத்தியும் அது சிறுநீரில் வெளிவரவில்லை. 1957-இல் அதை எழுதினார்கள். அசைபோடாத விலங்குகளும் இதைச் செய்கின்றன. மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாமல் குளிர்கால உறக்கத்தில் கிடக்கும் வட அமெரிக்கத் தரை அணிலில், குடல் பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்துத் தரும் நைட்ரஜன் அதன் உடம்புப் புரதத்துக்குள் சேர்வதை 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

பாக்டீரியாக்கள்தான் எல்லா அம்மோனியாவுக்கும் காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். அது முழு உண்மை இல்லை. 1974-இல் விண்ட்முல்லர், ஸ்பேத் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், எலியின் சிறுகுடல் இரத்தத்திலிருந்து குளூட்டமினை ஏராளமாக எடுத்து எரிபொருளாகப் பயன்படுத்துவதைக் காட்டினார்கள். அப்படி எரிக்கும்போது கழன்று விழும் நைட்ரஜனில் ஒரு பங்கு அம்மோனியாவாக வாயிற்சிரையில் சேர்கிறது. ஆக, குடல் சுவரே தன் சொந்தச் செலவுக்காக அம்மோனியாவை உண்டாக்குகிறது. இன்னொரு பக்கம் அதே குடல், கல்லீரலின் யூரியாச் சுழற்சிக்கு வேண்டிய மூலப்பொருளையும் செய்து கொடுக்கிறது: சிட்ருலின் என்ற பொருளைக் குடல் விட, சிறுநீரகம் அதை அர்ஜினின் என்ற அமினோ அமிலமாக்குகிறது.

பூனைக்கு இந்த வசதி மிகக் குறைவு. காலங்காலமாக இறைச்சி மட்டுமே தின்று வந்ததால், அர்ஜினின் எப்போதும் உணவிலேயே கிடைத்திருக்கிறது, அதற்கு வேண்டிய சிட்ருலினைச் செய்யும் திறனைக் குடல் வளர்க்கவில்லை. 1978-இல் கலிஃபோர்னியாவில் மோரிஸும் ரோஜர்ஸும் அர்ஜினின் இல்லாத ஒரே ஒரு வேளை உணவைப் பூனைகளுக்குக் கொடுத்தார்கள். சில மணி நேரத்துக்குள் அம்மோனியா ஏறி வாந்தி, தசை இழுப்பு எல்லாம் வந்தன. வீட்டுப் பூனைக்குக் காய்கறிச் சாதம் போதும் என்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பதற்குப் பின்னால் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. அதற்கு மீனோ முட்டையோ கறியோ கட்டாயம் வேண்டும்.

குறுக்குச் சிரையுள்ள நாய்க்குட்டிக்கு அறுவை செய்யும்வரை நாங்கள் கொடுப்பது லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்து. கல்லீரல் கெட்ட மனிதர்களுக்கு 1966-இல் சுவிட்சர்லாந்தில் முயன்று பார்க்கப்பட்டு, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுவது. சிறுகுடலால் செரிக்க முடியாத அந்தச் சர்க்கரையைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அமிலமாக்கும். அமிலத்தில் அம்மோனியா அம்மோனியமாகி, சுவரைக் கடக்க முடியாமல் மலத்தோடு போய்விடும். பசுவுக்கு வினிகர் செய்ததை நாய்க்கும் மனிதருக்கும் பெருங்குடலில் இது செய்கிறது.

சரி, யூரியாவையே மாட்டுத் தீவனத்தில் பயன்படுத்தச் சொல்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. சொல்வது சரிதான், முறையாகச் செய்தால். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை சுமார் 50 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் போகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். மூட்டத்துக்குள் யூரியா உடைந்து வரும் அம்மோனியா நாரைத் தளர்த்தும், ஒரு பங்கு வைக்கோலிலேயே தங்கும். திறந்ததும் கொடுக்கக் கூடாது. கண்ணைக் கரிக்கும் நெடி அடங்கும்வரை உதறி ஆறப்போட்டு, முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) சேர்த்த யூரியா நக்குக்கட்டி இன்னும் பாதுகாப்பானது: கட்டி கடினமாக இருப்பதால் மாடு நக்கி நக்கித்தான் தின்ன முடியும், கூடவே மொலாசஸின் சர்க்கரை நுண்ணுயிர்களுக்குச் சக்தி தரும். கட்டி மழையில் கரைந்து தேங்கிய தண்ணீரை மாடு குடித்துவிடாமல் கூரைக்குள் தொங்கவிடுங்கள். பச்சைச் சோயாவில் யூரியேஸ் இருப்பதால், வறுக்காத சோயாவை யூரியா கலந்த தீவனத்தோடு சேர்க்கவே கூடாது. கன்றுக்குட்டிகளுக்கு ஆறு மாதம் வரையாவது இது எதுவும் வேண்டாம். முதல் இரைப்பை முழுதாக வளர்ந்து, அம்மோனியாவை எடுத்துக்கொள்ளும் நுண்ணுயிர்கள் அங்கே நிலைபெற்ற பிறகுதான் யூரியாவை அவற்றால் பயன்படுத்த முடியும்.